சோடியம் விளக்கு சூடாகும் நேரம்

சென்ற மாதம் ஒரு மதியம், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றார். முப்பது வயதைத் தாண்டியிருப்பார். தோளில் கனமான பை, கையில் ஒரு கட்டுப் படிவங்கள். வணிகவியலில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாராம். தலைப்பு, கல்லூரி ஆசிரியர்களின் பணி நிறைவு. "அஞ்சு நிமிஷம்தான் மேடம். டிக் பண்ணிக் குடுத்தாப் போதும்," என்றார்.

நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டங்கள், 'மிகவும் திருப்தி' முதல் 'மிகவும் அதிருப்தி' வரை. சம்பளம், விடுப்பு, குடிநீர், கழிப்பறை, சக ஆசிரியர்கள், நூலகம் என்று மளமளவென்று போட்டுக்கொண்டே வந்தேன். கடைசிக் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. 'ஒட்டுமொத்தமாக உங்கள் வேலையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி?'

எந்தக் கட்டத்தில் போட்டாலும் பொய்யாகிவிடும் என்று தோன்றியது. "வச்சிட்டுப் போங்கம்மா, அடுத்த வாரம் தர்றேன்," என்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, இரவு பாத்திரமெல்லாம் கழுவி வைத்தபிறகு அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். பின்பக்கம் போதவில்லை. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் இயற்பியல் ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாக வகுப்பெடுக்கிறேன். முதல் ஆறு வருடம் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில். பிறகு டி.ஆர்.பி. என்கிற ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் தேர்வாகி அரசு கலைக் கல்லூரிக்கு வந்தேன். என்னைப் போன்ற நிரந்தர ஆசிரியர்களைப் பார்த்து "உங்களுக்கென்ன குறை" என்று கேட்காத உறவினர் கிடையாது. நியாயமான கேள்விதான். ஏழாவது ஊதியக்குழுப்படி ஓர் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய், அகவிலைப்படி தனி. இந்த ஊரில் அது பெரிய பணம். குறை பணத்தில் இல்லை. குறைந்தபட்சம் எனக்கு இல்லை. பணம் யாருக்குக் குறை என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

முதலில் ஒரு நல்ல விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் புலம்பலாகப் போய்விடும்.

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்களுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை உண்டு. கிரேட்டிங்கைத் தரப்படுத்தச் சோடியம் விளக்கைப் பயன்படுத்துவோம். அந்த விளக்கு போட்டவுடன் மஞ்சளாக எரியாது. முதலில் உள்ளே இருக்கும் நியானால் சிவப்பாகத் தெரியும். சோடியம் சூடாகி ஆவியாக ஐந்து, பத்து நிமிடம் பிடிக்கும். மெல்ல மெல்ல ஆரஞ்சாகி, பிறகு அந்த அடர் மஞ்சள் வரும். காத்திருக்கிற அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அறை இருட்டாக இருக்கும். பிள்ளைகள் முகம் சரியாகத் தெரியாது. வகுப்பில் வாயே திறக்காதவர்கள்கூட அந்த இருட்டில் கேள்வி கேட்பார்கள். "மேம், தெரு விளக்குலயும் இதே சோடியம்தானா?" "மேம், நட்சத்திரத்துல என்ன இருக்குன்னு இப்படித்தான் கண்டுபுடிக்கிறாங்களா?"

அப்படி ஒரு நாள், கூலி வேலைக்குப் போகும் அம்மாவின் மகள் ஒருத்தி, அவள் குடும்பத்தில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள், டெலஸ்கோப்பைத் திருப்பித் திருப்பி இரண்டாம் வரிசை நிறமாலைக்குக் கொண்டுபோனாள். சோடியத்தின் மஞ்சள் உண்மையில் ஒரு கோடு அல்ல, இரண்டு. 5890 ஆங்ஸ்ட்ராமில் ஒன்று, 5896-இல் ஒன்று. முதல் வரிசையில் ஒன்றாக ஒட்டியிருப்பது, பிளவைக் குறுக்கி ஃபோகஸைச் சரியாக வைத்தால் இரண்டாம் வரிசையில் பிரிந்து தெரியும். நான் அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவளே பார்த்துவிட்டாள். "மேம்... ரெண்டு கோடு மேம்! நான் தப்பா வச்சிருக்கேனா?"

தப்பாக வைத்திருக்கிறோமோ என்ற அவளுடைய சந்தேகத்துக்குப் பதில் சொல்லப் போகிற அந்த நொடிதான் இந்த வேலை. அணுவுக்குள் எலக்ட்ரானின் தற்சுழற்சி என்று ஒன்று இருப்பதை அவள் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அது அவளுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்ல வாயெடுத்தேன். அப்போது போன் அதிர்ந்தது. துறை வாட்ஸ்அப் குழுவில், கல்லூரித் தர மதிப்பீட்டு ஃபைலுக்கான செய்தி. 'கிரைட்டீரியன் 2-க்கு ஆய்வகப் புகைப்படம் தேவை. ஜியோடேக் உடன். 3 மணிக்குள்.'

மணி இரண்டு ஐம்பது. ஜன்னலைத் திறந்து திரையை விலக்கினோம். பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்தோம். அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி எல்லாம் மூலையில் விழுகிறதா என்று பார்த்துப் படம் எடுத்தோம். ஜி.பி.எஸ். பிடிக்காமல் வராண்டாவுக்குப் போய் ஒரு தடவை போனை ஆட்டிவிட்டு வந்தோம். அனுப்பிவிட்டுத் திரும்பியபோது மணி அடித்துவிட்டது. அவள் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். அடுத்த வாரம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள். ஆனால் அந்த இருட்டு இல்லை, அந்தக் கோடுகள் கண்ணெதிரே இல்லை. என் இருபத்திரண்டு வருடத்தில் எதற்காவது மனசு ஆறவில்லை என்றால் இதற்குத்தான்.

படிவம் கொண்டுவந்த பெண்ணின் கேள்விகளுக்கு அடியில் ஹெர்ஸ்பெர்க் இருந்தார். மேலாண்மை படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் இருநூறு பேர் அளவில் பொறியாளர்களையும் கணக்காளர்களையும் உட்கார வைத்து, உங்கள் வேலையில் ரொம்ப நன்றாக இருந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள், ரொம்ப மோசமாக இருந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டு, 1959-இல் இரண்டு சக ஆய்வாளர்களோடு ஒரு புத்தகம் போட்டார். அவர் கண்டது இதுதான்: மனிதர்கள் சந்தோஷத்துக்குச் சொன்ன காரணங்கள் ஒரு பட்டியல், எரிச்சலுக்குச் சொன்ன காரணங்கள் வேறொரு பட்டியல். சந்தோஷம் வேலைக்குள்ளிருந்து வருகிறது, எதையோ சாதித்தோம், வேலையே பிடித்திருக்கிறது என்று. எரிச்சல் வேலையைச் சுற்றியிருப்பவற்றிலிருந்து வருகிறது: நிர்வாக விதிகள், மேலதிகாரி, சம்பளம், வசதிகள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானாகச் சரியாகாது. அதனால்தான் ஒரே ஆள் தன் வேலையை நேசிக்கவும் வெறுக்கவும் முடிகிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல். கடைசிக் கேள்விக்கு ஏன் பதில் போட முடியவில்லை என்று புரிந்தது. ஆனால் எங்கள் வேலையில் ஒரு விஷயம் அவர் சொன்னபடி இல்லை. சுற்றியிருக்க வேண்டியவை எங்களிடம் சுற்றி நிற்கவில்லை. வேலைக்குள் நுழைந்து, வேலையின் நேரத்தையே எடுத்துக்கொண்டுவிட்டன. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பாடம் நடத்துகிற நேரத்தை, பாடம் நடத்தியதாகக் காட்டுகிற வேலை தின்றுகொண்டிருக்கிறது.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல். மொத்தப் பணிநேரம் வாரத்துக்கு 40 மணிக்குக் குறையாமல், வருடத்தில் 30 வாரம். வெளியே இருப்பவர்கள் 16 மணி நேரம்தானா என்பார்கள். மிச்சம் 24 மணி நேரம் எதற்கு என்று எழுதியவர்களுக்குத் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தயாரிப்பு வேண்டும். ஆய்வக ரெக்கார்டு திருத்த வேண்டும். இன்டெர்னல் தாள் திருத்த வேண்டும். ஆய்வு செய்ய வேண்டும். எல்லாவற்றையும்விட, மாணவர் வந்து நிற்கும்போது அவரோடு உட்கார நேரம் வேண்டும்.

இப்போது அந்த 24 மணி நேரம் எங்கே போகிறது? ஒரு சிறப்புச் சொற்பொழிவு நடத்துகிறோம் என்று வையுங்கள், ஒரு மணி நேரம். அதற்குச் சுற்றறிக்கை, அழைப்பிதழ், பேச்சாளரின் தன்விவரம், வருகைப் பட்டியல் கையெழுத்துடன், ஜியோடேக் படம் நான்கு, அறிக்கை ஒரு பக்கம், மாணவர் கருத்துப் படிவம், அந்தக் கருத்துகளின் பகுப்பாய்வு வரைபடத்துடன், அதன் மேல் எடுத்த நடவடிக்கை. இது முடிந்ததும் ஸ்கேன் செய்து, சரியான பெயரிட்டு, சரியான ஃபோல்டரில் ஏற்ற வேண்டும். இதுபோக ஒவ்வொரு கேள்வித்தாளிலும் எந்தக் கேள்வி எந்த அறிவு நிலையைச் சோதிக்கிறது, எது கே1, எது கே2 என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். மதிப்பெண்களைப் பெருக்கி வகுத்து, 'கற்றல் விளைவு' 2.4 எட்டப்பட்டது என்று பாடத்துக்குப் பாடம் அட்டவணை போட வேண்டும். என் மாணவிக்குச் சோடியத்தின் இரட்டைக் கோடு புரிந்ததா என்பது அந்த 2.4-க்குள் எங்கே இருக்கிறது என்று நான் உண்மையாகவே தேடியிருக்கிறேன். இல்லை.

மதிப்பீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். நான் படித்தபோது ஒரு பேராசிரியர் ஒரு செமஸ்டர் முழுக்க ஒன்பது வகுப்புதான் வந்தார். கேட்க ஆள் இல்லை. நாங்கள் கைடு வாங்கிப் படித்து எழுதினோம். அப்படிப்பட்டவர்களால்தான் எங்கள் எல்லோர் மேலும் இந்தச் சந்தேகம் வந்து விழுந்தது. 1994-இல் பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து, கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் 'நாக்' தொடங்கியபோது அதற்குத் தேவை இருந்தது, இப்போதும் இருக்கிறது. என் வருத்தம் வேறு. அந்தப் பேராசிரியர் இன்று இருந்தால் இந்த முறையில் மாட்டவே மாட்டார். வகுப்புக்குப் போகாதவருக்கு ஃபைல் போட நிறைய நேரம் இருக்கும். மாலை ஐந்தரை வரை மாணவர்களோடு ஆய்வகத்தில் நிற்கிற ஆளின் ஃபைல்தான் அரைகுறையாக இருக்கும், கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

இனி பணம்.

எங்கள் துறையில் எனக்கு அடுத்த மேஜை ஒரு கௌரவ விரிவுரையாளருடையது. பதினொரு வருடமாக இருக்கிறார். முனைவர் பட்டம், செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி இரண்டும் உண்டு. மெக்கானிக்ஸ் அவர் எடுத்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்கள். எனக்கு என்ன வேலையோ அதேதான் அவருக்கும். சம்பளத்துக்குப் பெயர் 'தொகுப்பூதியம்'. 15,000, 20,000 என்று ஏறி, 25,000 ரூபாய் ஆனது. வருடத்துக்குப் பதினொரு மாதம். மே மாதம் கிடையாது. வருகிற மாதங்களிலும் முதல் தேதி வருவது அபூர்வம், இரண்டு மூன்று மாதம் சேர்ந்து வரும். மேயில் அவர் வீட்டை ஓட்டுவது விடைத்தாள் திருத்துகிற காசு. மதிப்பீட்டு முகாமுக்கு ஆர்டர் வந்தால் எங்களில் பாதிப் பேர் முகம் சுளிப்போம். அவர் ஆர்டர் வந்துவிட்டதா என்று தினமும் கேட்பார்.

ஒரு மே மாதம் அவர் மகளுக்குப் பள்ளிச் சேர்க்கை. கட்டணத்துக்குக் கடைசி நாள். என்னிடம் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்தது வேறொருவர் வழியாக. நான் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "ஜூலையில தந்துடறேன் மேடம், ஜூன் சம்பளம் ஜூலையிலதான் வரும்," என்றார். ஒரே வகுப்பறையில், ஒரே மாணவர்களுக்கு, அவருடைய பாடத்தை அவரும் என் பாடத்தை நானும் நடத்துகிறோம். நான் அவருக்குக் கடன் கொடுக்கிற இடத்திலும் அவர் என்னிடம் வாங்குகிற இடத்திலும் எங்களைக் கொண்டு வைத்தது எது? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் 2006-07 வாக்கில் இரண்டாம் ஷிப்ட் தொடங்கியது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. ஆனால் அந்தக் கதவைத் தாங்கிப் பிடித்தவர்கள் தற்காலிக ஆசிரியர்கள். இன்று மாநிலம் முழுக்க ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். யு.ஜி.சி. 2019 ஜனவரியில் ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று வழிகாட்டியது. அந்த எண்ணை எங்கள் மேஜையில் எல்லோருக்கும் மனப்பாடம். நிரந்தர இடங்களுக்கு 2019-இல் டி.ஆர்.பி. 2,331 பணியிடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. அது நடக்கவில்லை. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு மறுபடி அறிவிப்பு. ஒவ்வொரு அறிவிப்புக்கும் விண்ணப்பம், சான்றிதழ், அனுபவச் சான்று வாங்க அலைச்சல், பிறகு தேதி தள்ளல். அனுபவச் சான்றில் கையெழுத்து வாங்க என் பக்கத்து மேஜைக்காரர் தான் முன்பு வேலை பார்த்த கல்லூரிக்கு நாலு தடவை போய்வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கிடையே தலை நரைத்துவிட்டது.

2025 ஆகஸ்டில் குஜராத் அரசுப் பொறியியல் கல்லூரிகளின் ஒப்பந்த உதவிப் பேராசிரியர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மாதம் 30,000 ரூபாயில் வருடக் கணக்காக வேலை வாங்கப்பட்டவர்களுக்கு, உதவிப் பேராசிரியர்களுக்குரிய குறைந்தபட்ச ஊதியத்தைக் கொடுக்கச் சொல்லி. விழாக்களில் குருவைப் பிரம்மா விஷ்ணு என்று சுலோகம் சொல்லிவிட்டு ஆசிரியர்களை இப்படி நடத்துவது தகாது என்ற பொருளில் நீதிபதிகள் எழுதியிருந்தார்கள். என் பக்கத்து மேஜைக்காரர் அந்தச் செய்தியை மடித்துத் தன் டிராயரில் வைத்திருக்கிறார்.

நிரந்தரம், தற்காலிகம் என்ற இந்தப் பிளவு எங்கள் துறைக்கு என்ன செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். வேலை நிரந்தரமில்லாதவர் 'முடியாது' என்று சொல்ல முடியாது. அதனால் எல்லா வேலையும் அவர் பக்கம் சரிகிறது. டைம்டேபிள் போட அவர், சேர்க்கைக் குழுவில் அவர், நாக் ஃபைலுக்கு அவர், ஞாயிறு தேர்வுப் பணிக்கு அவர். ஒரு விதி தவறு என்று கூட்டத்தில் சொல்ல அவரால் முடியாது. அடுத்த ஜூனில் புதுப்பிக்க வேண்டுமே. அவர் பேசாமல் இருக்கும்போது என் போன்றவர்கள் பேசினாலும் அது தனிக்குரலாகவே நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் துறைக் கூட்டம் என்றால் பாடத்திட்டம் பற்றிச் சண்டை நடக்கும். எந்தப் புத்தகம், எந்த அலகை முதலில் நடத்துவது என்று குரல் உயரும். அந்தச் சண்டையை நான் ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கிறேன். இப்போது கூட்டத்தில் கெடு தேதிகளைத்தான் வாசிக்கிறோம்.

சுயநிதிக் கல்லூரியில் இருந்த ஆறு வருடத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அசல் சான்றிதழ்களைச் சேரும்போதே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேறு இடத்துக்கு நேர்காணலுக்குப் போக வேண்டுமானால் அவர்களிடமே போய்க் கேட்க வேண்டும், கேட்டால் எதற்கென்று தெரிந்துவிடும். டி.ஆர்.பி. சான்றிதழ் சரிபார்ப்புக்கு நான் அவற்றை வெளியே எடுத்த கதை தனிக் கதை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மே மாதங்களில் எங்களுக்குச் சேர்க்கை இலக்கு உண்டு. ஆளுக்கு இத்தனை மாணவர்கள். பிளஸ் டூ முடித்தவர்களின் முகவரிப் பட்டியலைக் கையில் கொடுத்து, கல்லூரி வேனில் ஏற்றி, கிராமம் கிராமமாக இறக்கிவிடுவார்கள். நானும் கணிதத் துறையில் ஒரு தோழியும் நோட்டீஸோடு வெயிலில் நடந்து ஒரு வீட்டுக்குப் போனோம். ஓட்டு வீடு. அப்பா நெசவாளர், தறியை நிறுத்திவிட்டு வந்து பாய் விரித்தார். மோர் கொடுத்தார்கள். நாங்கள் வேலைவாய்ப்பு, ஹாஸ்டல், பஸ் வசதி எல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என்னைப் பார்த்து, "டீச்சர், உங்க புள்ளையா இருந்தா அங்க சேப்பீங்களா?" என்றார்.

குத்திக் கேட்கவில்லை. தெரிந்த மனுஷியிடம் யோசனை கேட்பது போலக் கேட்டார். எங்கள் கல்லூரியில் அப்போது அந்தப் பாடப்பிரிவுக்குப் பாதி ஆசிரியர்கள் இல்லை, ஆய்வகத்தில் பாதிக் கருவி ஓடாது. எனக்குப் பதில் வரவில்லை. தோழி வேறு பேச்சை எடுத்துச் சமாளித்தாள். வேனில் திரும்பும்போது இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. டி.ஆர்.பி.க்குப் படிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அந்த வேனில்தான். அந்தப் பையன் எங்கே சேர்ந்தான் என்று தெரியாது.

2024-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பல பொறியியல் கல்லூரிகளில் ஒரே ஆசிரியர் பெயர் ஒரே சமயத்தில் வெவ்வேறு கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட ஆவணங்களால் வெளிவந்தபோது ஊரே அதிர்ந்தது. எங்கள் தலைமுறைக்கு அதிர்ச்சி இல்லை, வலிதான். ஆய்வுக் குழு வருகிற அன்றைக்கு மட்டும் தெரிகிற முகங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆசிரியர் என்பவர் ஒரு பட்டியலில் இருக்க வேண்டிய பெயர், அவ்வளவுதான் என்று ஒரு நிறுவனம் நினைக்கும் இடத்தில், உண்மையிலேயே வந்து நின்று பாடம் நடத்துகிறவருக்குத் தன் வேலையின் மேல் என்ன மரியாதை மிஞ்சும்?

ஆய்வுக் கட்டுரைகள் விஷயமும் இதே திசையில்தான் போயிற்று. 2010 ஒழுங்குமுறையில் யு.ஜி.சி. ஏ.பி.ஐ. என்று ஒரு புள்ளிக்கணக்கைக் கொண்டுவந்தது. கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை, புத்தகத்துக்கு இத்தனை. பதவி உயர்வு அந்தப் புள்ளிகளில். 2018-இல் கல்லூரி ஆசிரியர்களுக்கு அது ஓரளவு தளர்ந்தாலும், பழகிய வழக்கம் போகவில்லை. போலி ஆய்விதழ்கள் பெருகியதும், ஏற்கத்தக்க இதழ்களுக்கு 'கேர்' பட்டியல் என்று ஒன்று வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள நல்ல இதழ்களின் பெயரிலேயே போலி இணையதளங்கள் முளைத்தன. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையும் கைவிட்டார்கள். என் போனில் வாரம் இரண்டு செய்தி வருகிறது. கட்டுரை தயார், கட்டுரையாசிரியர் வரிசையில் முதல் இடம் ஒரு விலை, இரண்டாவது, மூன்றாவது அதைவிடக் குறைவு. டிசைன் பேட்டன்ட்டுக்கும் அப்படியே. வாங்குகிறவர்களை நான் மனதார வெறுத்த காலம் உண்டு. இப்போது அப்படி முடியவில்லை. பிள்ளை பள்ளியிலும் பெற்றோர் மருத்துவமனையிலும் இருக்கும்போது, பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரைதான் குறைகிறது என்றால் மனிதர்கள் வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் வாங்கிய பிறகு அவர்கள் ஆய்வைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள், அதை நான் கவனித்திருக்கிறேன். கூச்சம்.

நான் செய்தது துத்தநாக ஆக்ஸைடு மெல்லேடுகள். சூடான கண்ணாடித் தகட்டின் மேல் கரைசலைத் தூவி ஏடு படிய வைக்கிற எளிய முறை. கருவியை நாங்களே கட்டினோம், ஹீட்டர் சுருள் முதற்கொண்டு. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக்கு எங்களிடம் கருவி கிடையாது. மாதிரிகளை டப்பாவில் பஞ்சு வைத்துப் பொதிந்து பஸ்ஸில் எடுத்துப்போய், வேறொரு பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டிக் காத்திருந்து வாங்குவோம். முதல் வரைபடத்தில் எதிர்பார்த்த இடத்தில் உச்சிகள் வந்தபோது பஸ் ஸ்டாண்டில் நின்று வீட்டுக்கு போன் செய்தேன். அது ஏழு வருட வேலை, உருப்படியாக மூன்று கட்டுரை. அந்தக் கருவி இப்போது ஆய்வக மூலையில் துணி மூடி இருக்கிறது. கடைசியாக எப்போது அதைத் தொட்டேன் என்று எண்ணிப் பார்த்தால் நாக் தயாரிப்பு தொடங்கிய வருடம்.

மேலே இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவி காலியாகி, ஒரு குழுதான் நிர்வாகத்தைப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் 424 கோடி ரூபாய் வரிப் பாக்கி என்று வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. அந்தப் பழம்பெரும் பல்கலைக்கழகத்துக்கே அந்த நிலை என்றால் சின்னவற்றைச் சொல்ல வேண்டாம். ஆளுநருக்கும் அரசுக்கும் நடந்த இழுபறியில் வேறு சில பல்கலைக்கழகங்களும் துணைவேந்தர் இல்லாமல் நின்றன. செய்தித்தாளில் இது அரசியல். ஸ்டாஃப் ரூமில் இது கையெழுத்தாகாத ஃபைல், நிறுத்தி வைத்த ஓய்வூதியப் பலன்கள், தள்ளிப்போகும் வாய்மொழித் தேர்வு.

இவ்வளவையும் எழுதியபிறகு, வகுப்பைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை என்பதைக் கவனித்தேன். பசங்க சரியில்லை, போனே கதியாக இருக்கிறார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் டிபன் கடையில் தோசை ஊற்றிவிட்டு ஒன்பதரைக்கு முதல் பெஞ்சில் வந்து உட்காருகிற பையனுக்கு நான் என்ன குறை சொல்வேன்? அவன் கண் சொருகினால் பாடத்தைக் கொஞ்சம் நிறுத்தி ஒரு கதை சொல்வேன். விழித்துக்கொள்வான்.

அடுத்த வாரம் அந்தப் பெண் படிவத்தை வாங்க வந்தார். பின்பக்கம் முழுக்க எழுத்து இருப்பதைப் பார்த்து நின்றபடியே படித்தார். பிறகு முன்பக்கம் திருப்பிக் கடைசிக் கேள்வியைக் காட்டினார். "இது காலியா இருக்கு மேடம். ஒண்ணு விட்டாலும் அந்த ஃபார்மையே கணக்குல எடுக்க மாட்டாங்க."

"உங்களுக்கு எத்தனை ஃபார்ம் வேணும்மா?"

"முந்நூறு. இருநூத்து அறுபது ஆச்சு."

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

அவரும் கௌரவ விரிவுரையாளர்தான், இரண்டு பஸ் மாறிப் போகிற ஓர் ஊரில். நாலாவது வருடம். படிவம் சேர்க்க வருகிற நாளெல்லாம் வகுப்பை யாரிடமாவது மாற்றிவிட்டுத்தான் வருவாராம், லீவு போட்டால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்.

"இந்தக் கேள்விக்கு நீங்க என்ன போடுவீங்க?" என்று கேட்டேன்.

யோசித்தார். "கிளாஸ்ல இருக்கும்போது கேட்டா முதல் கட்டம் மேடம். மே மாசம் கேட்டா..." என்று நிறுத்தினார்.

நான் கட்டத்தை நிரப்பவில்லை. அவர் படிவத்தை மற்றவற்றோடு சேர்த்துக் கட்டவில்லை. தனியாக மடித்துப் பையின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டார். "இத நான் வச்சுக்கறேன் மேடம்," என்றார். நாலு இருபது பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று எழுந்தார்.

எனக்கு அடுத்த ஹவர் லேப். போனை ஸ்டாஃப் ரூம் டிராயரிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஜன்னல்களைச் சாத்தி, விளக்கைப் போட்டோம். சிவப்பாக எரிந்தது. பிள்ளைகளோடு நானும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.